கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை: நான்கு இடத்து மருந்துகள் ஒரே உடலில் சேர்ந்தபோது

பின்னணி

நோயாளி 67 வயதுப் பெண். எடை 48 கிலோ. தென் மாவட்டக் கிராமம் ஒன்றில் மகன், மருமகளோடு வசிக்கிறார். சர்க்கரை நோய் வந்து 11 ஆண்டுகள், ரத்த அழுத்தம் வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன. குடும்பத்தார் சம்மதத்துடன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு இதைப் பதிவு செய்கிறேன். நான் இவரைப் பார்த்தது ஒரு தாலுகா ஊரிலுள்ள சிறிய மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில்.

மருந்து விஷயத்தில் இவரைக் குறை சொல்லவே முடியாது. ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடாதவர். "பிரஷர் மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது" என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டவர். இந்த நிகழ்வுக்கு அது முக்கியம்.

ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. காலையில் என்று வாங்கிச் சாப்பிட்டுவந்தார். எங்களிடம் வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், மகன் அவரை நகரத்திலுள்ள ஒரு சர்க்கரை நோய் மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார். அன்று அழுத்தம் 164/92. சர்க்கரையும் கூடியிருந்தது. கிரியாட்டினின் 0.9, அதாவது சிறுநீரகம் நன்றாகவே இருந்திருக்கிறது. அவர் மூன்று மருந்துகள் எழுதினார்: சர்க்கரைக்கு கிளிமிபிரைடு 2 மி.கி. - மெட்ஃபார்மின் 500 மி.கி. கூட்டு மாத்திரை இரண்டு வேளை, அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. - அம்லோடிபின் 5 மி.கி. கூட்டு மாத்திரை காலையில், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. இரவில். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "கவர்மெண்ட் மாத்திரைதான்" என்று பதில். மாத்திரையைக் கையில் கொண்டு போகவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். பின்னால் நான் கேட்டபோது, "அது அங்க குடுத்தது, இது இங்க குடுத்தது, ரெண்டும் வேற வேறதானே ஐயா" என்றார். அட்டைகளின் நிறம் வேறு, வணிகப் பெயர் வேறு. உள்ளே இருந்த அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் மட்டும் ஒன்று. அம்லோடிபின் 5 மி.கி. சத்தமில்லாமல் 10 மி.கி. ஆகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துக் கணுக்கால் வீங்கியது. சாயங்காலம் செருப்பு வார் பதியும் அளவுக்கு வீக்கம், காலையில் கொஞ்சம் வடியும். பேருந்து நிலையம் அருகே ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். "நீர் கோத்திருக்கு" என்று ஃபுரோசமைடு 20 மி.கி. - ஸ்பைரனோலாக்டோன் 50 மி.கி. கூட்டு மாத்திரையும் (சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரை), வயிற்றுக்குப் பான்டோபிரசோலும் கொடுத்தார்கள். வீக்கம் பெரிதாக வடியவில்லை, ஆனாலும் மாத்திரை தொடர்ந்தது. அதற்கும் பிறகு மூட்டு வலி. அதற்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் 50 மி.கி. - பாராசிட்டமால் கூட்டு மாத்திரை, காலையும் இரவும், சுமார் ஆறு வாரங்கள்.

நான்கு இடங்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தெரிந்ததற்குச் சரியான மருந்தைத்தான் கொடுத்திருக்கிறார், மருந்துக் கடையைத் தவிர. முழுப் பட்டியலும் யார் கையிலும் இல்லை.

வந்த அன்று கண்டது

மே மாதம். மூன்று நாட்களாக வயிற்றுப்போக்கு. கஞ்சி மட்டும் குடித்தார், அதுவும் அரை டம்ளர். வெயிலுக்கு நல்லது என்று தினமும் இரண்டு இளநீர். மாத்திரைகளை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினார்.

நான்காம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மருமகள் எழுப்பினால் எழவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, வாய் குளறியது, வலது கை துவண்டு கிடந்தது. பக்கவாதம் என்று நினைத்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லவேளையாக வாயில் எதையும் ஊற்றவில்லை. நினைவு தவறியவருக்குக் காப்பியோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும்.

வாசலிலேயே விரலில் குத்திப் பார்த்தோம்: சர்க்கரை 38. தாழ்சர்க்கரை சில சமயம் ஒரு பக்கக் கை காலைத் துவளவைத்துப் பக்கவாதம் போலவே காட்டும். அதனால் தலை ஸ்கேனுக்கு அனுப்பும் முன் குளுக்கோமீட்டர் என்பது எங்கள் பிரிவில் எழுதிவைத்த விதி. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மி.லி. நரம்பில் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் கண் திறந்து மகன் பெயரைச் சொன்னார். வலது கையும் தூக்கினார். சர்க்கரை 164.

அழுத்தம் 98/60, நாடித் துடிப்பு 104. நாக்கு வறண்டு ஒட்டியது. கழுத்து நரம்பு தட்டையாக இருந்தது, நுரையீரல் சுத்தம். இரண்டு கணுக்கால்களிலும் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. உடம்பில் நீர் வற்றிப்போன ஒருவருக்குக் கால் மட்டும் ஏன் வீங்கியிருக்கிறது? இந்த முரண்தான் எங்களை மருந்துப் பையின் பக்கம் திருப்பியது.

ரத்தப் பரிசோதனை முடிவு: கிரியாட்டினின் 2.4, அதாவது சிறுநீரகம் தளர்ந்திருந்தது. பொட்டாசியம் 6.0, இயல்பைவிட அதிகம். சோடியம் 131. பைகார்பனேட் 18, லாக்டேட் சற்றே கூடுதல். எச்பிஏ1சி (கடந்த சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) 6.8. ரத்தப் புரதமான அல்புமின் இயல்பு. ஈசிஜியில் பொட்டாசியம் கூடியதன் தடயம் இல்லை.

மஞ்சப்பை

"என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று மருமகளிடம் கேட்டேன். "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, அப்புறம் கால் வீக்கத்துக்கு ஒண்ணு. வேற எதுவும் அத்தை சாப்பிட மாட்டாங்க சார்." வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவரச் சொன்னோம். மதியம் மகன் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

சுகாதார நிலையத்து மாத்திரைகள் பழுப்புக் காகித உறையில். உறை மீது பேனாவால் ஒரு சூரியன், ஒரு நிலா. தனியார் மருந்துகள் அட்டையில். ஆனால் பாதி அட்டைகள் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டவை. பத்து மாத்திரை அட்டையிலிருந்து ஆறு வெட்டிக் கொடுத்தால் மருந்துப் பெயரின் முதல் பாதி கடையிலும் மறுபாதி பையிலும் இருக்கும். ஒரு துண்டில் "...டிபின் மாத்திரைகள்" என்பதற்கான ஆங்கில எழுத்துகளின் வால் மட்டும் தெரிந்தது, காலாவதித் தேதி இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் வலி மாத்திரை, சீட்டு வேண்டும் என்று காட்டும் சிவப்புக் கோட்டோடு.

மருமகள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான குடும்பங்களில் வலி மாத்திரை "மருந்து" கணக்கில் வருவதில்லை. "அது மேலு வலிக்குப் போடறதுதானே" என்று நோயாளியே பிறகு சொன்னார். இப்போதெல்லாம் நாங்கள் "மாத்திரை" என்று பொதுவாகக் கேட்பதில்லை. மூட்டு வலிக்கு, தலைவலிக்கு, வயிற்றெரிச்சலுக்கு, தூக்கத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். நாட்டு மருந்து, லேகியம்கூட.

என்ன நடந்திருக்கிறது

முதலில் வீக்கம். அம்லோடிபின் ரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகளை விரிக்கிறது. ரத்த அழுத்தம் இறங்குவது அதனால்தான். திரும்பிவரும் சிரைகளை அது அந்த அளவு விரிப்பதில்லை. நடுவிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. நாள் முழுவதும் நின்று நடந்தால் கணுக்காலில் தேங்குகிறது. அளவு கூடக் கூட இந்த வீக்கமும் கூடும். 10 மி.கி.யில் அதிகம், பெண்களுக்கு அதிகம். உடம்பில் மொத்த நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் மாத்திரை இதற்குச் சரியாக வேலை செய்யாது. ஆனால் உடம்பின் மற்ற இடங்களிலிருந்து நீரை அது எடுத்துக்கொண்டேயிருக்கும்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதைப் பற்றி ரோச்சன், குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்கள். அம்லோடிபின், கால் வீக்கம், நீர் மாத்திரை என்பது அந்த வகைக்கு மிகப் பழக்கமான உதாரணம்.

அடுத்து சிறுநீரகம். ஒரு கண்மாய் மாதிரி வைத்துக்கொள்ளலாம். உள்ளே வரும் வாய்க்கால், வெளியே போகும் மடை, நடுவில் நீர்மட்டம்; அந்த மட்டம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். டைக்ளோஃபெனாக் வரத்து வாய்க்காலைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன் மடையைத் திறந்துவிடுகிறது. நீர் மாத்திரை வரத்தையே குறைக்கிறது. இதில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் சிறுநீரகம் பெரும்பாலும் சமாளித்துவிடும். மூன்றும் சேர்ந்து, மேலே வயிற்றுப்போக்கும் வந்தபோது மட்டம் இறங்கிவிட்டது.

பொட்டாசியம் ஏறியதற்கும் இதே கூட்டம்தான் காரணம். டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன், டைக்ளோஃபெனாக் மூன்றுமே பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கக்கூடியவை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு வெயில் காலத்தில் அது அருமையான பானம். இவருக்கு அந்த மூன்று நாட்களில் அது கூடுதல் சுமை.

கடைசியாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுரக்கவைக்கும். கல்லீரலில் அது உடைந்து உண்டாகும் ஒரு பொருளுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி உண்டு. அது சிறுநீர் வழியாக வெளியேற வேண்டியது. இங்கே வெளியேற வழி அடைபட்டு, சாப்பாடும் நின்றுபோனது. மெட்ஃபார்மின் தனியாகத் தாழ்சர்க்கரையை உண்டாக்குவது அபூர்வம். ஆனால் அது முழுக்கச் சிறுநீரகம் வழியாகவே போகும் மருந்து. தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் உண்டு. இவர் இரண்டு இடத்து மாத்திரைகளையும் சேர்த்து நாளுக்கு 2000 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சர்க்கரை ஏறி நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் குடும்பத்தார் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். கூடாது என்று உறுதியாகச் சொன்னோம். இன்சுலின் ஊசியால் வந்த தாழ்சர்க்கரை பெரும்பாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் வந்தது, அதிலும் சிறுநீரகம் பாதித்தவருக்கு, மறுபடி மறுபடி இறங்கும். அப்படியே நடந்தது: இரண்டரை மணி நேரத்தில் 58. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தொடர்ச்சியாக ஓடவிட்டு, முதல் நாள் முழுக்க மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்தோம். டெக்ஸ்ட்ரோஸை முழுதாக நிறுத்த முடிந்தது இரண்டாம் நாள் இரவில்தான்.

கால் வீங்கியிருப்பவருக்குச் சலைன் ஏற்றலாமா என்பதில் பணியிலிருந்த இளம் மருத்துவருக்குத் தயக்கம் இருந்தது. நியாயமான தயக்கம்தான், இதயம் பலவீனமானவர் என்றால் நீர் நுரையீரலுக்குள் ஏறிவிடும். ஆனால் கழுத்து நரம்பும் நுரையீரலும் வேறு கதை சொன்னன. வறண்ட உடம்புக்கு நீர் வேண்டும், வீக்கம் மருந்தால் வந்தது என்று முடிவு செய்து, மூச்சையும் சிறுநீர் அளவையும் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கொடுத்தோம். மறுநாள் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் நன்றாகவே இயங்கியது.

பொட்டாசியத்துக்கு வழக்கமான சிகிச்சை, குளுக்கோஸோடு இன்சுலின். ஏற்கெனவே சர்க்கரை இறங்கிக்கொண்டிருப்பவருக்கு அதைத் தர எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஈசிஜி இயல்பாக இருந்ததால் சால்பியூட்டமால் மருந்தை ஆவியாக மூச்சில் இழுக்கவைப்பது, பொட்டாசியத்தைக் குடலில் பிடித்துக்கொள்ளும் பொடி, சலைன், காரணமான மருந்துகளை நிறுத்துவது, இவற்றோடு நிறுத்திக்கொண்டோம். ஆறு மணி நேரத்தில் 5.4. ஈசிஜியில் சிறு மாற்றம் தெரிந்திருந்தாலும் கால்சியம் குளுக்கோனேட்டும் இன்சுலினும் கொடுத்திருப்போம்.

டைக்ளோஃபெனாக், ஃபுரோசமைடு - ஸ்பைரனோலாக்டோன், டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஐந்தும் அன்றே நிறுத்தப்பட்டன. இதில் முதல் இரண்டும் கிளிமிபிரைடும் நிரந்தரமாக. டெல்மிசார்டனும் மெட்ஃபார்மினும் தற்காலிகமாக. இந்த வேறுபாட்டைக் குடும்பத்தாருக்கு விளக்க அரை மணி நேரம் செலவழித்தோம். டெல்மிசார்டன் சிறுநீரகத்தைக் கெடுத்த மருந்து என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டால் பிறகு தொடவே மாட்டார்கள். சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தை நீண்ட காலம் காப்பாற்றுவதும் இதே வகை மருந்துதான். இவருக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில் சிறிதளவு புரதம் இருந்தது. நிறுத்திவைத்திருந்த அம்லோடிபினை, அழுத்தம் ஏறத் தொடங்கிய மூன்றாம் நாள் 5 மி.கி. மட்டும், ஒரே இடத்திலிருந்து, மீண்டும் தொடங்கினோம்.

கிளிமிபிரைடைக் கைவிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 67 வயதில், 48 கிலோ எடையில், விரதம் இருக்கும் பழக்கமுள்ள ஒருவருக்கு எச்பிஏ1சி 6.8 என்பதைச் சாதனையாக நான் பார்க்கவில்லை. அந்த எண்ணை எட்ட அவர் எத்தனை முறை யாருக்கும் தெரியாமல் தாழ்சர்க்கரைக்குப் போயிருப்பாரோ. விசாரித்ததில், இரண்டு மாதமாகவே விடியற்காலையில் படபடப்பும் வியர்வையும் வந்துபோனதாகச் சொன்னார். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாராம். பதிலுக்கு லினாகிளிப்டின் 5 மி.கி. தந்தோம். சாப்பாட்டுக்குத் தகுந்தபடி வேலை செய்வது, சிறுநீரகம் குறைந்தாலும் அளவு மாற்றத் தேவையில்லாதது.

மூட்டு வலியை விட்டுவிட்டால் அவர் மறுபடி அதே கடைக்குத்தான் போவார். வலி நிஜம். பாராசிட்டமால் நாளுக்கு இரண்டு கிராமுக்கு மேல் போகாமல், முழங்காலில் தேய்க்க டைக்ளோஃபெனாக் ஜெல், தொடைத் தசைக்கு நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சி. ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போகும் மருந்து மாத்திரையைவிட மிகக் குறைவு.

பின்தொடர்ந்தது

நான்காம் நாள் கிரியாட்டினின் 1.6, பொட்டாசியம் 4.6. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் வாரம் வந்தபோது கிரியாட்டினின் 1.1. கணுக்கால் வீக்கம் நீர் மாத்திரை இல்லாமலேயே ஏறக்குறைய முழுதும் வடிந்திருந்தது. அம்லோடிபின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் போகும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அழுத்தம் 152/86. அன்று டெல்மிசார்டன் 20 மி.கி. தொடங்கி, பத்து நாளில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்த்தோம். மாற்றமில்லை என்பதால் 40 ஆக்கினோம். மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, அதுவும் சுகாதார நிலையத்திலிருந்து மட்டும்.

மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 7.4, அழுத்தம் 136/80. விடியற்காலைப் படபடப்பு இல்லை. முட்டி வலி முழுதாகப் போகவில்லை. மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார். கிரியாட்டினின் 1.0. பழைய 0.9-க்கு இன்னும் திரும்பவில்லை. அதைத் தொடர்ந்து பார்த்துவருகிறோம்.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

ஒரே தாளில் முழுப் பட்டியலும் எழுதிக் கொடுத்தோம்: உள்ளிருக்கும் மருந்தின் பெயர், எதற்கு, எப்போது, என்ன தொந்தரவு வந்தால் எங்களைக் கேட்க வேண்டும். "எதற்கு" என்ற இடத்தில் "பிரஷருக்கு" என்று தமிழில். இதன் நகல்கள் சுகாதார நிலையத்துக்கும் சர்க்கரை நோய் மருத்துவருக்கும் கிளினிக்குக்கும் போயின. சர்க்கரை நோய் மருத்துவர் அன்று மாலையே போன் செய்து, கிளிமிபிரைடை நிறுத்தியதை ஏற்றுக்கொண்டு, தன் பதிவேட்டையும் திருத்திக்கொண்டார்.

தாளின் பின்பக்கம், உடம்பு சரியில்லாத நாட்களுக்கான குறிப்பு. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாளில் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் நிறுத்திவைத்துவிட்டு எங்களுக்கு போன் செய்ய வேண்டும். வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்கலாம். எல்லோருக்கும் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. இன்சுலின் போடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தினால் பெரிய ஆபத்து. அதனால் பொதுவான துண்டறிக்கை அச்சடிக்காமல், ஒவ்வொருவர் தாளிலும் அவரவர் மருந்தின் பெயரையே எழுதுகிறோம். "நிறுத்தவே கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பியதால்தான் இந்த அம்மா பேதியோடும் மாத்திரை விழுங்கினார். எப்போது நிறுத்திவைக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டியது எழுதிக் கொடுப்பவர்களின் கடமை என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்துக் கடைகளிடம் இரண்டு விஷயம் கேட்டோம். அட்டையை வெட்டினால் பெயரும் தேதியும் உள்ள பக்கம் நோயாளிக்குப் போகட்டும். சர்க்கரை, பிரஷர் மருந்து வாங்குபவர் வலி மாத்திரையும் கேட்டால் சீட்டைக் கேளுங்கள். முதலாவதை ஊரிலுள்ள கடைகள் ஓரளவு கடைப்பிடிக்கின்றன. இரண்டாவது இன்னும் பிடிபடவில்லை. இவர் வாங்கிய கடையில் போன மாதமும் சீட்டில்லாமல் விற்றிருக்கிறார்கள் என்று இன்னொரு நோயாளி சொன்னார்.

கால் வீக்கம் என்று வருபவர்களிடம் இப்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, வீக்கத்துக்கு முந்தைய மூன்று மாதத்தில் எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது அல்லது கூடியது என்பதுதான். நீர் மாத்திரை எழுதுவது அதற்குப் பிறகு.

இந்த நிகழ்வை இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். 2010-ல் தொடங்கிய இத்திட்டத்தின் தேசிய மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் இயங்குகிறது. மருத்துவர்கள் மட்டும்தான் தெரிவிக்க வேண்டும் என்றில்லை. நோயாளியோ குடும்பத்தாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவமும் தனியாக உண்டு. மருந்தின் பெயர், எப்போது தொடங்கியது, என்ன ஆயிற்று என்பவை கையில் இருந்தால் போதும்.